கல்யாண அழைப்பிதழில் மேயர்: எங்கள் குடும்பக் குழு, 2025 ஜூன் 16

ரமேஷ் அண்ணன்: ஹட்டன் அச்சகத்தார் மறுபடியும் அழைத்துவிட்டார்கள். 'பிரதம விருந்தினர்' என்ற இடத்தில் யார் பெயர் என்று ஆறு மணிக்குள் சொல்லாவிட்டால், அடுத்த வாரம்தான் அச்சிட்டுத் தருவார்களாம். சித்தப்பா, கொழும்பில் மேயர் யார்?

கொழும்புச் சித்தப்பா: திசைகாட்டி. தேசிய மக்கள் சக்திதான்.

சின்ன அத்தை: நீங்கள் ஐக்கிய மக்கள் சக்தியின் ரிஸா சரூக் என்றல்லவா எழுதிக் கொடுத்தீர்கள்?

கொழும்புச் சித்தப்பா: எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள்.

பெரியப்பா: எல்லோரும் சொல்லவில்லை, தம்பி. மே 6ஆம் திகதி நடந்த தேர்தலில் கொழும்பு மாநகர சபையின் 117 ஆசனங்களில் தேசிய மக்கள் சக்திக்கு 48, ஐக்கிய மக்கள் சக்திக்கு 29, ஐக்கிய தேசியக் கட்சிக்கு 13 கிடைத்தன. பாதியைத் தாண்ட 59 வேண்டும். அது எந்தக் கட்சியிடமும் இல்லாதபடியால், மேயரை உறுப்பினர்களே வாக்களித்துத் தெரிவு செய்ய வேண்டியதாயிற்று. எதிரணியில் 69 பேர் இருக்கிறார்கள் என்று நீ கணக்குப் போட்டாய். அந்த 69இல் சிறு கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களும் அடக்கம், அவர்கள் யார் பக்கம் சாய்வார்கள் என்று சொல்ல முடியாது என நான் அன்றே எழுதினேன். இன்றைய இரகசிய வாக்கெடுப்பில் தேசிய மக்கள் சக்தியின் விராய் கெலி பல்தசாருக்கு 61, ரிஸா சரூக்கிற்கு 54 வாக்குகள் கிடைத்தன, இரண்டு நிராகரிக்கப்பட்டன.

ரமேஷ் அண்ணன்: 48 எப்படி 61 ஆனது?

பெரியப்பா: வெளியிலிருந்து 13 வாக்காவது வந்திருக்க வேண்டும். அவை யாருடையவை என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

கொழும்புச் சித்தப்பா: கையை உயர்த்தச் சொல்லியிருந்தால் கதையே வேறு.

பெரிய அத்தை: கொழும்பு மேயர் யாராக இருந்தாலும் மஸ்கெலியாவில் நமது லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, ஏறும் பாதையைப் போடப் போவதில்லை. மாப்பிள்ளை வீட்டார் வான் கோயிலடியோடு நின்றுவிடும்; அதற்கு மேல் பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான். நமது பிரதேச சபைக்குத் தெரிவானவர்களை அழைத்தால், பாதையையாவது ஒருமுறை கண்ணால் பார்ப்பார்கள்.

பெரியப்பா: தங்கச்சி சொல்வதில் நியாயம் இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு காரணமாக, தோட்டப் பாதைக்குச் சபைப் பணத்தைச் செலவிட முடியாமல் இருந்தது. நாம் வாக்களித்தோம், ஆனால் நமது லயத்தடி சபையின் கணக்கில் வரவில்லை. 2018இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. அதே ஆண்டில் அம்பகமுவ பிரதேச சபையைப் பிரித்து மஸ்கெலியாவுக்கும் நோர்வூட்டுக்கும் தனிச் சபைகள் தந்தார்கள். ஆகவே இப்போது 'எங்களுக்கு அதிகாரம் இல்லை' என்று எந்த உறுப்பினரும் தட்டிக்கழிக்க முடியாது.

சின்ன அத்தை: பணம் இல்லை என்று சொல்லலாமே.

ரமேஷ் அண்ணன்: சேவல்காரரை, அதாவது இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ்காரரை அழைத்தால் திசைகாட்டிக்காரர் வருத்தப்படுவார். இருவரும் நமக்குச் சொந்தக்காரர்கள்.

பெரிய அத்தை: நான் சேவலுக்குத்தான் போட்டேன், மறைக்கவில்லை. ஆனால் எந்தச் சின்னத்தை வேண்டுமானாலும் அழையுங்கள். மூத்தவள் கல்யாண அழைப்பிதழில் என் வீட்டுக்காரர் பெயரை விட்டுவிட்டு, கட்சிக்காரர் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டீர்களே, அதை மட்டும் மறுபடியும் செய்யாதீர்கள்.

கொழும்புச் சித்தப்பா: அது அச்சுப்பிழை, அக்கா.

பெரிய அத்தை: ஒரு ஆளே காணாமல் போவது எப்படி அச்சுப்பிழையாகும்?

பெரியப்பா: பெயரைப் போடுவதற்கு முன் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். மேயருக்கு இன்னும் அழைப்பே போகவில்லை. பதவியேற்ற முதல் வாரத்தில், குப்பையையும் வெள்ளத்தையும் விட்டுவிட்டு அவர் ஹட்டனுக்கு ஏறி வருவார் என்று நான் நினைக்கவில்லை.

கொழும்புச் சித்தப்பா: எங்கள் வட்டார உறுப்பினர் பேசிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

சின்ன அத்தை: அவர் எந்தக் கட்சி?

கொழும்புச் சித்தப்பா: ஐக்கிய மக்கள் சக்தி. சின்னம் தொலைபேசி.

சின்ன அத்தை: நன்றாகப் பேசுவார்.

ரமேஷ் அண்ணன்: மணி ஐந்தே முக்கால். பிரதம விருந்தினர் வரியை எடுத்துவிடச் சொல்லட்டுமா?

பெரியப்பா: எடுத்துவிடு. வேண்டுமானால் மேயருக்குத் தனியாகக் கடிதம் எழுதலாம்.

கொழும்புச் சித்தப்பா: பெயர் வேண்டாம், 'கொழும்பு மாநகர முதல்வர்' என்ற பதவி மட்டும் இருக்கட்டும்.

பெரிய அத்தை: இருந்தால் தாய்மாமன் பெயருக்குக் கீழேதான் இருக்க வேண்டும்.

ரமேஷ் அண்ணன்: அச்சகத்தார் இணைப்பில் இருக்கிறார்கள். யாராவது ஒருவர் முடிவாகச் சொல்லுங்கள்.