மனம் மாறித் திருப்பிய பொருளுக்கு, அனுப்பிய கூலியையும் விற்பவர்தான் இழக்க வேண்டுமா?

விளக்குக்கடை:
மேசை விளக்குகளை ஒரு விற்பனைத் தளத்தின் வழியாக விற்று வருகிறேன். சென்ற வாரம் ஒரு விளக்கு திரும்பி வந்தது. வாங்கியவர் எனக்கு அனுப்பிய செய்தியில் "சுவரின் நிறத்தோடு ஒத்துவரவில்லை" என்று எழுதியிருந்தார்; தளம் காரணம் கேட்கும் பட்டியலிலோ "பொருள் விவரத்தோடு பொருந்தவில்லை" என்பதைத் தேர்ந்தெடுத்திருந்தார். அந்த ஒரு தேர்வினால் பொருளின் விலை, நான் அனுப்பிய கூரியர் கட்டணம், அவர் திருப்பி அனுப்பப் பயன்படுத்திய கூரியர் லேபிளின் கட்டணம் ஆகிய மூன்றும், விற்பனைப் பணத்தைத் தளம் எனக்குத் தரும் அடுத்த செட்டில்மென்ட்டில் பிடிக்கப்பட்டுவிட்டன.

விலையைத் திருப்பித் தருவதில் எனக்கு மறுப்பில்லை. பொருள் என்னிடம் வந்துவிட்டது. ஆனால் அனுப்பிய கூலி நடந்து முடிந்த வேலைக்கான கூலி. பார்சல் உடையாமல், சொன்ன நாளில் போய்ச் சேர்ந்தது. கூரியர் நிறுவனம் தன் பணத்தை வாங்கிக்கொண்டது. அது எனக்கு எங்கிருந்தும் திரும்பி வரப்போவதில்லை. பொருளில் குறை இருந்தால் மூன்றையும் நானே ஏற்பேன். மனம் மாறியதற்கும் அதே தண்டனையா என்பதே என் கேள்வி.

விதிமுறை:
நண்பரே, இரண்டு கூலிகளையும் ஒன்றாகக் கட்டிப் பேசினால் வழக்கு குழம்பிவிடும். போகும் கூலி வேறு, வரும் கூலி வேறு. இதைத் தெளிவாகப் பிரித்து எழுதியிருப்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமை நெறியாணை. நேரில் பார்க்காமல் வாங்கிய பொருளை 14 நாட்களுக்குள், காரணம் எதுவும் சொல்லாமலே வேண்டாம் என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் விலையோடு, போகும் கூலியையும் விற்பவர் திருப்பித் தர வேண்டும். வரும் கூலியை வாங்கியவர் ஏற்க வேண்டும்; ஆனால் அதை அவர்தான் ஏற்க வேண்டும் என்று விற்பவர் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். சொல்லத் தவறினால் அதுவும் விற்பவர் தலையில் விழும்.

இதற்கு முன்பே 2010 ஏப்ரலில் ஐரோப்பிய நீதிமன்றம் இதே கேள்விக்குத் தீர்ப்பு சொல்லிவிட்டது. ஹைன்ரிஷ் ஹைனே என்ற ஜெர்மானிய அஞ்சல்வழி விற்பனை நிறுவனம், ஒவ்வோர் ஆர்டருக்கும் 4.95 யூரோ அனுப்புச் செலவு வாங்கி, பொருளைத் திருப்பினாலும் அதைத் தரமாட்டோம் என்று நிபந்தனை வைத்திருந்தது. ஒரு நுகர்வோர் சங்கம் வழக்குத் தொடுத்தது. போகும் கூலியையும் வாங்கியவர் மேல் சுமத்தினால், திருப்பும் உரிமையைப் பயன்படுத்தவே அவர் தயங்குவார் என்பதால் அந்த நிபந்தனை செல்லாது என்றது நீதிமன்றம்.

மொத்தவியாபாரி:
ஒரு கண்டத்தின் சட்டத்தை எடுத்து எல்லார் தலையிலும் கவிழ்க்கிறீர்கள். இந்தியாவின் 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளைப் படித்துப் பாருங்கள். குறையுள்ள பொருள், போலிப் பொருள், விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருள், சொன்ன நாளைத் தாண்டி வந்த பொருள் ஆகியவற்றைத் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது என்றுதான் அவை விற்பவருக்குச் சொல்கின்றன. "பிடிக்கவில்லை" என்பது அந்தப் பட்டியலில் இல்லை. அமெரிக்காவின் கூட்டாட்சி விதிகளில் 3 நாள் மறுசிந்தனைக் காலம் ஒன்று உண்டு. அதுவும் வீடு தேடி வந்து விற்பது போன்ற விற்பனைகளுக்கானது, இணையத்தில் தானே தேடி வாங்குபவருக்கு அது பொருந்தாது. ஆக, பெரும்பாலான விற்பவர்களைக் கட்டுப்படுத்துவது சட்டத்தை விடத் தளம் எழுதிவைத்த ஒப்பந்தம்தான். அந்த ஒப்பந்தம் நியாயமா என்று கேட்கும்போது ஐரோப்பாவைக் காட்டிப் பயனில்லை.

விதிமுறை:
சட்டம் எல்லா இடத்திலும் ஒன்றல்ல என்பதை ஏற்கிறேன். நான் எடுத்துக்காட்டியது அதிலுள்ள காரணத்தை. பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கும் வாய்ப்பு வாங்குபவருக்கு இல்லை. அந்த வாய்ப்பை இல்லாமல் ஆக்கியது இணைய விற்பனை முறை. அந்த முறையால் வாடகையும் கடைப்பணியாளும் இல்லாமல் ஆதாயம் அடைபவர் விற்பவர். ஆதாயத்தை வைத்துக்கொண்டு, அதோடு வரும் செலவை மட்டும் அடுத்தவர் மேல் தள்ளுவது எப்படிச் சரியாகும்?

அதே நெறியாணை விற்பவரையும் கைவிடவில்லை. வாங்கியவர் விரைவு டெலிவரியைத் தேர்ந்தெடுத்து அதிகம் கட்டியிருந்தால், அந்தக் கூடுதல் தொகையைத் திருப்பித் தர வேண்டியதில்லை. சாதாரண அனுப்புச் செலவு அளவுக்குத் தந்தால் போதும். பார்த்துச் சோதிப்பதற்கும் மேலே பொருளைப் பயன்படுத்தி அதன் மதிப்பைக் குறைத்திருந்தால், அந்த இழப்புக்கு வாங்கியவர் பொறுப்பு. பொருள் கைக்கு வரும்வரை, அல்லது அனுப்பியதற்கான சான்று வரும்வரை பணத்தை நிறுத்தி வைக்கவும் முடியும்.

வாங்கும்கை:
நான் விற்பவள் அல்ல, வாங்குபவள். எனவே ஒரு நேரடிக் கேள்வி. விளக்குக்கடை அவர்களே, உங்கள் விளக்கின் படத்தை எந்த ஒளியில் எடுத்தீர்கள்?

விளக்குக்கடை:
கேள்வி புரிகிறது, அம்மா, மறைக்கவும் விரும்பவில்லை. விளக்கின் கண்ணாடிக் கூடு பால்வெள்ளை நிறம். படத்தை மாலையில், மஞ்சள் பல்பு எரியும் அறையில் எடுத்தேன். அதனால் படத்தில் அது சற்றே தேன் நிறமாகத் தெரிகிறது. ஆனால் விவரத்தில் "பால்வெள்ளை" என்று எழுதியிருக்கிறேன்.

வாங்கும்கை:
எத்தனை பேர் விவரத்தின் நான்காம் வரியைப் படித்த பிறகு வாங்குகிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? நாங்கள் படத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறோம், படமும் விவரம்தான். அவர் தேன் நிறத்தை எதிர்பார்த்து, பெட்டியைத் திறந்து வெள்ளையைக் கண்டிருப்பார். "சுவரோடு ஒத்துவரவில்லை" என்று உங்களிடம் எழுதியது நயமாகச் சொன்னதாகவும் இருக்கலாம். தளத்தில் தேர்ந்தெடுத்த காரணமே அவர் உண்மையில் நினைத்ததாக இருக்கலாம்.

மொத்தவியாபாரி:
இருக்கலாம், இருக்கலாம் என்று அடுக்கிக்கொண்டே போனால் எந்தத் திருப்புதலும் விற்பவர் தவறாகிவிடும். இந்தக் காரணப் பட்டியல் எப்படி இயங்குகிறது என்பதை உள்ளே இருப்பவன் சொல்கிறேன், கேளுங்கள். "மனம் மாறிவிட்டது" என்று அழுத்தினால் லேபிளுக்கான தொகை வாங்கியவரிடம் பிடிக்கப்படும் என்று திரையிலேயே தெரிகிறது. ஒரு வரி கீழே உள்ள காரணத்தை அழுத்தினால் எல்லாம் இலவசம். உண்மைக்கு விலையும் பொய்க்குச் சலுகையும் வைத்த பட்டியலில் நல்லவரும் கீழ்வரியைத்தான் அழுத்துவார். மறுப்புத் தெரிவிக்க விற்பவனுக்குச் சில நாட்கள் தருகிறார்கள். சான்றாக வாங்கியவர் அனுப்பிய செய்தியை இணைத்தாலும், பெரும்பாலும் ஓர் ஆயத்தப் பதில்தான் வருகிறது.

பேரேடு:
நான் சில சிறு விற்பனையாளர்களுக்குக் கணக்கு எழுதுபவன். நியாய அநியாயத்தை விட்டுவிட்டு ஒரு கணக்கை மட்டும் வைக்கிறேன். ஒரு பொருளின் விலை 100 பங்கு. போகும் கூலி 12, வரும் கூலி 12 என்று கொள்வோம். நூறு ஆர்டரில் எட்டு திரும்பி வந்தால் இரு கூலிகளிலும் சேர்த்து இழப்பு 192 பங்கு. அதைத் திரும்பாத 92 பொருட்களின் மேல் பரப்பினால் ஒன்றுக்கு ஏறத்தாழ 2.1 பங்கு. விலையை 100-லிருந்து 102 ஆக்கினால் பிரச்சினை ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. வாடகையையும் மின்கட்டணத்தையும் விலைக்குள் வைப்பதைப் போலத் திருப்புதல் செலவையும் விலைக்குள் வைக்க வேண்டும். ஒவ்வொரு பார்சலுக்கும் தனித்தனியாக வாதாடினால், அந்த நேரத்தில் இரண்டு ஆர்டரைக் கட்டியிருக்கலாம்.

மொத்தவியாபாரி:
உங்கள் எட்டு விளக்குக்குச் சரி. நான் ஆடை விற்பவன். ஒரே சட்டையை மூன்று அளவில் வரவழைத்து இரண்டைத் திருப்புபவர்கள் என் வாடிக்கையாளர்கள். நூற்றுக்கு முப்பது திரும்பினால் என்ன ஆகும் என்று உங்கள் முறையிலேயே போட்டுப் பாருங்கள்: இழப்பு 720, மிஞ்சுவது 70 பொருள், ஒன்றுக்குப் பத்துப் பங்குக்கும் மேல். அந்தப் பத்தை யார் கட்டுகிறார்கள்? அளவு அட்டவணையைப் பார்த்து, டேப் எடுத்து அளந்து, ஒன்றை மட்டும் வாங்கி வைத்துக்கொள்பவர் கட்டுகிறார். மூன்றை வரவழைத்தவர் எதுவும் கட்டுவதில்லை. இதை நுகர்வோர் பாதுகாப்பு என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

பேரேடு:
அது உண்மையான எதிர்வாதம். அதை நான் மறுக்கவில்லை. திருப்புதல் விகிதம் ஏறும்போது சுமப்பவர் எண்ணிக்கையும் குறைவதால் சுமை நேர்க்கோட்டில் ஏறாமல் இன்னும் வேகமாக ஏறுகிறது. அத்தகைய பொருளுக்கு வரும் கூலியை வாங்குபவரே ஏற்கும்படி வைப்பதுதான் சரி என்று நானும் சொல்வேன். போகும் கூலியை மட்டும் விலைக்குள் வையுங்கள்.

கூலியைப் பற்றியே பேசும் இந்த இழையில் யாரும் தொடாத ஒன்று கமிஷன். பல தளங்கள் பொருளின் விலையோடு, வாங்குபவர் கட்டும் அனுப்புச் செலவையும் சேர்த்த தொகைக்குக் கமிஷன் எடுக்கின்றன. பணம் திரும்பிப் போகும்போது அந்தக் கமிஷன் முழுதாகத் திரும்புகிறதா என்று பாருங்கள். அமேசானின் அமெரிக்கத் தளத்தில், பணத்தைத் திருப்பும்போது கமிஷனில் 20 விழுக்காடு அல்லது 5 டாலர், இரண்டில் குறைவானதை நிர்வாகக் கட்டணமாக வைத்துக்கொள்வது வழக்கம். செட்டில்மென்ட் அறிக்கையில் அது தனி வரியாக வரும். எத்தனை பேர் அந்த வரியைப் படிக்கிறார்கள் என்பது எனக்குத் தெரிந்த சங்கடம்.

விதிமுறை:
ஒரே சட்டை மூன்று அளவில் என்பது நல்ல எடுத்துக்காட்டு. அதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மூன்று பொருளை ஒரே பார்சலில் அனுப்பி, ஒன்று மட்டும் வாங்கியவரிடம் தங்கிவிட்டால், போகும் கூலியில் எவ்வளவைத் திருப்ப வேண்டும்? அந்த ஒன்றை மட்டும் அனுப்பியிருந்தாலும் அதே கூலிதான் ஆகியிருக்கும் என்றால், திருப்புவதற்கு எதுவும் இல்லை என்பது என் கருத்து. பொருளுக்கு இவ்வளவு என்று கூலி வைத்திருந்தால் திரும்பிய பொருளின் பங்கைத் திருப்ப வேண்டும். இன்ன தொகைக்கு மேல் வாங்கினால் அனுப்புச் செலவு இலவசம் என்று வைத்துவிட்டு, பாதியைத் திருப்பியவரிடம் அந்தச் செலவைப் பிடிக்கலாமா என்பதில் எனக்கே உறுதியான விடை இல்லை. குறைந்தபட்சம் அதை வாங்கும் முன் சொல்லியிருக்க வேண்டும்.

விளக்குக்கடை:
பேரேடு அவர்கள் சொன்னபடி அறிக்கையை வரிவரியாகப் படித்தேன். கமிஷனை விட என்னை உலுக்கியது வேறொரு வரி. நான் விளக்கை 30×20×15 செ.மீ. பெட்டியில் அனுப்பினேன். கூரியர் நிறுவனம் நீள அகல உயரத்தைப் பெருக்கி 5000-ஆல் வகுத்துக் கன எடை, அதாவது பெட்டி அடைக்கும் இடத்துக்கான எடை, பார்க்கிறது, அதன்படி 1.8 கிலோ. வாங்கியவர் திருப்பி அனுப்பிய பெட்டியைக் களஞ்சியத்திலிருந்து எடுத்து அளந்தேன்: 45×35×30. கன எடை 9.45 கிலோ. ஒன்றரைக் கிலோ விளக்கைச் சுற்றி நான்கு பக்கமும் கசக்கிய செய்தித்தாள். ஐந்து மடங்குக்கு மேலான எடைக்கு லேபிள் கட்டணம் என்னிடம் பிடிக்கப்பட்டிருக்கிறது.

வாங்கும்கை:
இதில் உங்கள் பக்கம்தான் நான். ஆனால் அவர் ஏன் வேறு பெட்டியைத் தேடினார் என்பதையும் பாருங்கள். நாங்கள் பார்சலைப் பிரிக்கும்போது, டேப்பை எப்படி வெட்டுவது என்று தெரியாமல் கத்தியால் கிழித்துவிடுகிறோம். பிறகு அந்தப் பெட்டி எதற்கும் ஆகாது. கண்ணாடி உடையக் கூடாது என்று பயந்து பெரிய பெட்டியில் வைத்திருக்கிறார். அந்தப் பயத்தால் உங்களுக்கு முழு விளக்கு திரும்பி வந்திருக்கிறது.

பேரேடு:
லேபிள் கட்டண வித்தியாசத்துக்குத் தனியாக மறுப்பு எழுதுங்கள், காரணம் பற்றிய சண்டையோடு அதைச் சேர்க்காதீர்கள். இரண்டு பெட்டிகளின் அளவும், டேப் வைத்து அளக்கும் படமும், கூரியர் ரசீதும் இருந்தால் அது வெறும் எண் விவகாரம். அதில் யாரும் யார் மனத்தையும் ஊகிக்க வேண்டியதில்லை.

விளக்குக்கடை:
அப்படியே செய்துவிட்டேன். படத்தையும் பகல் வெளிச்சத்தில் மறுபடி எடுத்து ஏற்றிவிட்டேன். அது என் தவறு. மனம் மாறித் திருப்பினால் வரும் கூலி வாங்குபவருடையது என்று முதல் வரியிலேயே எழுதியிருக்கிறேன். போகும் கூலியைப் பற்றி விதிமுறை அவர்கள் சொன்னதை இன்னும் நான் ஏற்கவில்லை. விலையில் இரண்டு பங்கு ஏற்றியிருப்பது கணக்குக்காகத்தான், அந்த வாதத்துக்காக அல்ல. இனி ஒவ்வொரு பெட்டியிலும் "டேப்பை இந்தக் கோட்டில் வெட்டவும், திருப்புவதானால் இதே பெட்டியில் அனுப்பவும்" என்று ஒரு சீட்டு ஒட்டப் போகிறேன்.

மொத்தவியாபாரி:
வெட்டும் கோட்டை மட்டும் வெளியே வையுங்கள். திருப்புவது பற்றிய வரியை உள்மூடியில் ஒட்டுங்கள். வெளியே ஒட்டினால் கூரியர்காரர் தம் லேபிளைச் சரியாக அதன் மேல்தான் ஒட்டுவார்.