கராட் எஞ்சின் மாதிரி: எந்த அளவில் வரைவது?

கேள்வி (கொட்டகலை)
மலைநாட்டுப் பாதையில் ஏறிய சி1 கராட் நீராவி எஞ்சினைப் பித்தளைத் தகட்டில் நானே செய்யப்போகிறேன். மான்செஸ்டர் பேயர் பீகொக் நிறுவனம் 1927இல் கட்டிய வகை அது. நடுவில் கொதிகலன், முன்னும் பின்னும் 2-6-2 சில்லுகளோடு (முன்னே 2 சிறியவை, நடுவில் இழுக்கும் 6, பின்னே 2 சிறியவை) தனித்தனி எஞ்சின். அந்த இரட்டை உடலில்தான் எனக்குப் பித்து. ஆனால் அளவில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். கடையில் வரும் சில்லும் தண்டவாளமும் 16.5 மில்லிமீட்டர் அகலப் பாதைக்கானவை. அடிக்கு 4 மில்லிமீட்டர் என்று வரைந்தால் நமது ஐந்தரை அடிப் பாதைக்கு 22 வேண்டும். 16.5இல் ஏற்றினால் இவ்வளவு பெரிய எஞ்சின் ஒடுங்கிப்போய் நிற்கும். எனக்கு மனம் வரவில்லை. எல்லாவற்றையும் லேத் பட்டறையில் கடையக் கொடுத்தால் செலவு தாங்காது. அண்ணன்மார் வழி சொல்லுங்கள்.

பதில் (நாவலப்பிட்டி)
தம்பி, சில்லை விடுங்கள், அளவை மாற்றுங்கள். அடிக்கு 3 மில்லிமீட்டர் வைத்துப் பெருக்கிப் பாருங்கள்: ஐந்தரை அடிக்குச் சரியாக 16.5! சில்லின் விட்டத்தை மட்டும் வரைபடத்தோடு ஒத்துப்பார்த்து வாங்குங்கள். மலைப்பாதையின் மிகக் கடும் வளைவு ஐந்து செயின், அதாவது 330 அடி ஆரம். இந்த அளவில் 99 சென்டிமீட்டர்தான். அறையின் ஒரு மூலையில் உண்மையான வளைவையே போட்டுவிடலாம். இங்கிலாந்தின் பிரதான பாதைகளைச் செய்பவர்களுக்கு இந்தக் கொடுப்பினை கிடையாது. ஏற்றம் 44க்கு 1. மீட்டருக்கு 23 மில்லிமீட்டர் உயர்த்துங்கள்.

பதில் (பதுளை)
அளவு சரி. ஆனால் முதல் வேலையே கராட்டா? பி1 எஞ்சின் 4-6-0தான், ஒரே சட்டகம். அதில் கை பழகட்டும்.

பதில் (நாவலப்பிட்டி)
அண்ணன் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனாலும் ஆசைப்பட்டதை விட்டு வேறொன்றில் தொடங்கியவர்கள் பாதியில் நிறுத்தியதைப் பார்த்திருக்கிறேன். கராட்டின் இரண்டு எஞ்சினுக்கும் சட்டகம் ஏறக்குறைய ஒன்றே. நான்கு பக்கத் தகடுகளையும் சில்லிணைக்கும் தண்டுகளையும் ஈயம் வைத்து ஒரே கட்டாக ஒட்டுங்கள். அச்சுத் துளைகளை ஒரே குத்தில் இறக்கிவிட்டுச் சூடுகாட்டிப் பிரித்தெடுங்கள். துளைகளின் இடைவெளி மயிரிழையும் மாறாது. தண்டு இறுகி சில்லு திக்காது. பித்தளையில் கைவைக்கும் முன் எல்லாவற்றையும் அட்டையில் வெட்டி, 99 சென்டிமீட்டர் வளைவில் வைத்து, எஞ்சின் திரும்பும்போது கொதிகலன் சட்டகத்தில் இடிக்கிறதா என்று பாருங்கள். இடித்தால் அட்டையோடு போகும்.