கண் மூடியிருந்தது, பல் முளைத்திருந்தது

வண்டியில் அடிபட்டு இறந்த தாய்ப்பூனையின் மூன்று குட்டிகளை விறகுக் குவியலுக்குள் கண்டெடுத்தேன். மூன்றுக்கும் கண் மூடியிருந்தது. பிறந்த 7 முதல் 14 நாளுக்குள் கண் திறக்கும் என்பதால், ஒரு வாரக் குட்டிகள் என்றே முடிவு கட்டினேன். அது தவறு.

துடைத்துவிடும்போதுதான் காதுகளைக் கவனித்தேன். பிறந்த குட்டிக்குக் காது தலையோடு ஒட்டி மடிந்திருக்கும். இவற்றுக்கு நிமிர்ந்து நின்றது. ஈறைத் தடவினால் முன்பற்கள் குருணைபோல நெருடின. அவை இரண்டு வாரத்துக்குப் பிறகே முளைப்பவை. கோரைப்பல் இன்னும் வரவில்லை. ஆக, வயது ஏறத்தாழ மூன்று வாரம். கண் எப்போதோ திறந்துவிட்டது. சீழ் பிடித்து இமைகள் ஒட்டிக்கொண்டிருந்தன! தானாகத் திறக்கட்டும் என்று விட்டிருந்தால் பார்வையே போயிருக்கலாம். வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் ஊறவைத்துத் துடைத்தேன். அன்றே கால்நடை மருத்துவர் பார்த்துக் களிம்பு தந்தார்.

எடையை மட்டும் நம்பியிருந்தாலும் ஏமாந்திருப்பேன். இரண்டு குட்டிகள் 300 கிராமுக்கு மேல். மூன்றாவது 190 கிராம்தான். பட்டினி. உடலும் சில்லென்றிருந்தது. உடனே பால் புகட்டத்தான் கை துடித்தது. ஆனால் குளிர்ந்துபோன குட்டிக்குப் பால் செரிக்காது. வெந்நீர்ப் புட்டியைத் துண்டில் சுற்றி அருகில் வைத்து, உடல் கதகதப்பான பிறகே பூனைக்குட்டிகளுக்கான பால்மாவைக் கரைத்துக் கொடுத்தேன். பசும்பால் வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். குட்டி குப்புறப் படுத்தபடிதான் குடிக்க வேண்டும். மல்லாத்தினால் பால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். ஐந்தாம் நாள் அந்தச் சின்னக் குட்டி அண்ணன்மார்களை மிதித்துக்கொண்டு புட்டிக்கு முதலில் வந்தது.

---

மேலே எழுதியவருக்குக் கிடைத்தவை மூன்று; எனக்குக் கிடைத்தது தாயில்லாத ஒற்றைப் பூனைக்குட்டி. தொப்புள்கொடி காய்ந்து ஒட்டியிருந்தது. பெரும்பாலும் ஐந்து நாளுக்குள் விழுந்துவிடுவது அது. எடை 95 கிராம். இரவு பகலாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பால் கொடுத்தேன். வயிறு உப்பி, குட்டி ஓயாமல் கத்தியது. மூன்று வாரம்வரை குட்டிகளால் தாமாகச் சிறுநீர்கூடக் கழிக்க முடியாது, தாய் நக்கிவிட வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ஈரப்பஞ்சால் மெல்லத் தடவியதும் அடங்கியது. பிறகு ஒவ்வொரு முறை பாலுக்கும் அதைச் செய்தேன். தினமும் ஒரே நேரத்தில் எடை பார்த்தேன். 10 கிராமாவது ஏறியிருந்தால்தான் எனக்கு மூச்சு வரும். பத்தாம் நாள் இடக்கண் மட்டும் கீறல்போலத் திறந்தது.