அமிலாய்ட் பெட் ஸ்கேன் கடைசி நேரத்தில் ரத்து: மருந்தை முன்கூட்டியே செய்து வைக்க ஏலாதா?

முறிகண்டி மகள்:
அம்மாவுக்கு 71 வயது. கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறா. அடுப்பில் வைத்த கேத்தில் கருகுவது வழக்கமாகிவிட்டது. அல்சைமரா என்று பார்க்க, மூளையில் அமிலாய்ட் என்ற புரதம் படிந்திருக்கிறதா என்று காட்டும் அமிலாய்ட் பெட் ஸ்கேன் எடுக்கச் சொன்னார் நரம்பியல் டொக்டர். கதிரியக்க மருந்து ஊசி போட்டுத்தான் படம் எடுப்பார்களாம். அதற்காக இந்தியா வந்திருக்கிறோம். விடியவே போய் இருந்தால், பத்தரைக்கு "இன்றைக்கு மருந்து சரிவரவில்லை, வேறு நாள் வாங்கோ" என்கிறார்கள். முதல் நாளே செய்து குளிரில் வைத்தால் என்ன? ஐஸ் பெட்டியில் எங்கட பக்கம் எடுப்பிக்க வழியில்லையா?

மாங்குளத்தான்:
தங்கச்சி, நான் வெளிநாட்டில் இதே வேலைதான் செய்கிறேன். முல்லைத்தீவு மீனை ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டுக் கொழும்பு வரை கொண்டு போகலாம். இந்த மருந்தில் கதிர்வீசும் புளோரின்-18க்கு ஐஸும் வெயிலும் ஒன்றுதான். 110 நிமிடத்தில் பாதியாகும், அடுத்த 110 நிமிடத்தில் அந்தப் பாதியிலும் பாதி. கொழும்பில் ஏற்றினால் ஏ9 வழியாகக் கிளிநொச்சி வந்து சேரும்போது எட்டில் ஒரு பங்கு மிஞ்சுவதே பெரிய காரியம். முதல் நாள் செய்தது மறுநாள் காலையில் வெறும் தண்ணீர் மாதிரித்தான்.

அதனால் அன்றன்றைக்கே செய்ய வேண்டும். சைக்ளோட்ரான் என்ற துகள் முடுக்கி இயந்திரத்தில் வேகமெடுத்த புரோட்டான்கள், ஆக்சிஜன்-18 என்ற கனமான ஆக்சிஜன் செறிந்த தண்ணீரில் மோதும். சில மில்லிலீட்டர் தண்ணீர்தான், ஆனால் விலை கூடியது. அதில் பிறக்கும் புளோரினை, ஈயச் சுவர் வைத்த பெட்டிக்குள் இருக்கும் கருவி உலர்த்தி, அமிலாய்டில் போய் ஒட்டும் மூலக்கூறோடு சேர்க்கும். வடிவாக உலராமல் கொஞ்சம் ஈரம் நின்றாலே விளைச்சல் விழுந்துவிடும். பிறகு தூய்மை, அமிலத்தன்மை, எண்டோடாக்சின் என்ற கிருமி நச்சு எல்லாம் பார்க்க வேண்டும். ஒன்று பிசகினாலும் முழுத் தொகுதியும் குப்பைக்கு. கிருமி வளர்ப்புச் சோதனைக்கு 14 நாள் எடுக்கும், அதன் முடிவு வருவதற்குள் ஊசி போட்டாகிவிடும். அதனால்தான் மற்றச் சோதனைகளில் விட்டுக்கொடுப்பதில்லை. உங்களைத் திருப்பி அனுப்பியது நல்லதுக்குத்தான்.

அடுத்த முறை, தாங்களே செய்கிறார்களா, வெளியிலிருந்து வருகிறதா என்று கேளுங்கோ. அன்று காலை "மருந்து பாஸ்" என்று போனில் சொன்ன பிறகு அம்மாவை வெளிக்கிடுத்துங்கோ.

குளக்கட்டு:
முதலில் வந்த அமிலாய்ட் ஸ்கேன் மருந்தான பிட்ஸ்பர்க் காம்பவுண்ட்-பி இன்னும் மோசம். அதில் கதிர்வீசுவது கார்பன்-11, 20 நிமிடத்தில் பாதி. சைக்ளோட்ரான் பக்கத்திலேயே இருந்தால்தான் சரிவரும். 2012இல் அமெரிக்காவில் புளோரின்-18 உள்ள ஃப்ளோர்பெடாபிர் என்ற மருந்து அனுமதி பெற்ற பிறகுதான் வேறிடங்களுக்கும் ஏற்றி அனுப்ப முடிந்தது.

ஒன்று கேட்கிறேன், குறை நினைக்காதீங்கோ. பி12, தைராய்டு பார்த்தாச்சா? அவற்றாலும் மறதி வரலாம். மறதியே இல்லாத வயதானவர்கள் பலருக்கும் அமிலாய்ட் ஸ்கேன் பாசிட்டிவ் வரும். நெகட்டிவ் வந்தால்தான் ‘அல்சைமர் இல்லை’ என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம்.

முறிகண்டி மகள்:
இரண்டும் பார்த்தாச்சு அண்ணை, பிழையில்லை. அம்மாவுக்குச் சுகர் இருக்கு. வெறும் வயிற்றோடு வர வேண்டுமா? பேத்தி அம்மாவின் மடியை விட்டு இறங்க மாட்டாள், கதிர்வீச்சு அவளுக்குப் படுமோ என்றுதான் பயம்.

மாங்குளத்தான்:
பட்டினி கிடப்பது எஃப்டிஜி என்ற வேறு பெட் ஸ்கேன் மருந்துக்கு. அது குளுக்கோஸ் மாதிரியான மருந்து. அமிலாய்டுக்குப் பொதுவாகத் தேவையில்லை, ஆனாலும் அங்கே ஒருக்கால் கேளுங்கோ. ஃப்ளோர்பெடாபிர் என்றால் ஊசி போட்டு 30 முதல் 50 நிமிடத்துக்குள் 10 நிமிடப் படம். தலையை ஆட்டாமல் படுக்க வைப்பதுதான் பாடு, நீங்கள் பக்கத்தில் நின்று கதை கொடுக்க விடுவார்களா என்று விசாரியுங்கோ. நிறையத் தண்ணீர் குடிக்கக் கொடுங்கோ. பேத்தியை அன்று பின்னேரம் மட்டும் தள்ளி வையுங்கோ, மறுநாள் விடியத் தாராளமாக மடியில் ஏறலாம்.