வாட்ஸ்அப் பிசினஸ் எண் முடங்கிவிட்டது, தீபாவளிக்கு ஐந்து வாரம்தான் இருக்கிறது. உதவி தேவை

நூல்முடிச்சு:
வணக்கம். சின்னாளபட்டியில் அம்மாவும் நானும் சுங்குடிச் சேலை விற்கிறோம். கடை என்று பெரிதாக எதுவும் இல்லை, வீட்டு முன்னறைதான். ஆறு வருடமாகக் கண்காட்சியில் வாங்கியவர்கள், விலை மட்டும் கேட்டுவிட்டுப் போனவர்கள், சொந்தக்காரர்களின் சொந்தக்காரர்கள் என்று நோட்டில் எழுதி வைத்ததில் 1,400 எண் சேர்ந்துவிட்டது. போன மாதம் எல்லாவற்றையும் வாட்ஸ்அப் பிசினஸில் ஏற்றி, ஆறு பிராட்காஸ்ட் பட்டியலாகப் பிரித்து, புதுச் சேலைப் படங்களை அனுப்பினேன். நூறு பேருக்குக்கூட இரண்டு டிக் விழவில்லை, மற்றதெல்லாம் ஒற்றை டிக்கோடு அப்படியே நிற்கிறது. அப்புறம் தெரிந்த ஒருவர், ஒரே அழுத்தில் ஆயிரம் பேருக்குப் போகும் என்று ஒரு மென்பொருளை 3,500 ரூபாய்க்குக் கொடுத்தார். காலையில் போட்டேன், சாயங்காலம் எண்ணையே தடை செய்துவிட்டார்கள். கேரி பையில், கார்டில், வாசல் பலகையில் எல்லாம் இந்த எண்தான் இருக்கிறது. திரும்பக் கிடைக்குமா? அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஈரோட்டுக்காரன்:
முதலில் அந்த மென்பொருளை எடுத்துவிடுங்கள், அது கணினியில் இருந்தால் அங்கேயும். வாட்ஸ்அப்பைத் திறந்தால் தடை என்று காட்டும் அதே திரையில் மறுஆய்வு கேட்கும் பொத்தான் இருக்கும். எஸ்எம்எஸ்ஸில் வரும் ஆறு இலக்க எண்ணைப் போட்டு, என்ன நடந்தது என்று சுருக்கமாக எழுதுங்கள். ஒரு தடவை போதும். பதில் வரும்வரை செயலியை அழிக்க வேண்டாம், சிம்மையும் கைவிட வேண்டாம். எனக்கு மூன்றாம் நாள் திரும்பியது, என் நண்பனுக்குத் திரும்பவே இல்லை. அதனால் நிச்சயம் என்று சொல்ல மாட்டேன்.

செல்போன்_சர்வீஸ்:
ஒற்றை டிக்குக்குக் காரணம் வேறு. பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேரைச் சேர்க்கலாம் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கிறது, ஆனால் வாங்குபவர் உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்திருந்தால்தான் அது போய்ச் சேரும். நீங்கள் 1,400 பேரைச் சேமித்தீர்கள், அவர்களில் நூறு பேர்கூட உங்களைச் சேமிக்கவில்லை, அவ்வளவுதான். மென்பொருள் வழியாகப் போனது தனித்தனிச் செய்தி என்பதால் தெரியாதவர்களுக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். தெரியாத எண்ணிலிருந்து சேலைப் படம் வந்தால் பாதிப் பேர் பிளாக், ரிப்போர்ட் என்றுதான் அழுத்துவார்கள். நானே அழுத்துவேன்.

நூல்முடிச்சு:
அண்ணே, அப்போ அந்த நோட்டு வேஸ்ட்டா?

சேலம்_அக்கா:
வேஸ்ட் இல்லை தங்கச்சி, அதில் வேறு வேலை இருக்கிறது. நான் கவரிங் நகை விற்கிறேன், இதே குழியில் விழுந்து எழுந்தவள். நோட்டை எடுத்து, உங்களிடம் உண்மையிலேயே சேலை வாங்கியவர்களை மட்டும் குறித்துக்கொள். இருநூறு பேர் தேறினால் பெரிய விஷயம். அவர்களுக்கு அம்மாவை விட்டு போன் போடச் சொல், ஒரு நாளைக்குப் பத்துப் பேர் போதும். "போன வருஷம் மாம்பழக் கலர் எடுத்தீங்களே, புதுசு வந்திருக்கு, நம்பரைச் சேவ் பண்ணிட்டு ஒரு ஹாய் போடுங்க, படம் அனுப்புறோம்" என்று சொன்னால் சேமிப்பார்கள். அவர்களே முதலில் எழுதிவிட்டால் ரிப்போர்ட் பயமும் குறைவு. வாங்காமல் விலை மட்டும் கேட்டுப் போனவர்களை விட்டுவிடு, மனசு கேட்காதுதான்.

புது ஆட்களுக்கு க்யூஆர். பிசினஸ் செயலியிலேயே கிடைக்கும், ஸ்கேன் செய்தால் நேரே உங்கள் உரையாடல் திறக்கும். அதைச் சேலை மடிப்புக்குள் வைக்கும் அட்டையில் அச்சடித்துவிடு. பையில் அடித்தால் பை குப்பைக்குப் போகும்.

டிஜிட்டல்_மதுரை:
எதற்கு இந்தச் சுற்று? ஏபிஐ, அதாவது மென்பொருள் வழியாக மொத்தமாகச் செய்தி அனுப்ப வாட்ஸ்அப்பே வணிகர்களுக்குத் தரும் வழி, அதை எடுத்துவிடுங்கள், முறையாக ஆயிரக்கணக்கில் அனுப்பலாம். இல்லையென்றால் இன்ஸ்டாவில் தினமும் ரீல்ஸ்.

சேலம்_அக்கா:
தம்பி, ஏபிஐயில் நாமாக அனுப்பும் செய்திக்கு முன்கூட்டியே அனுமதி வாங்கிய வார்ப்புருதான் போகும், காசும் உண்டு, வாடிக்கையாளரின் சம்மதமும் வேண்டும். முன்னறையில் இரண்டு பேர் நடத்தும் வியாபாரத்துக்கு இப்போது அது தேவையில்லை.

இன்ஸ்டா விஷயத்தில் பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தினமும் போட்டால் மூன்றாவது வாரம் கை ஓய்ந்துவிடும். வாரம் இரண்டு போதும், அதில் ஒன்று முடிச்சுக் கட்டுவதைக் காட்டட்டும். சாயம் போட்டுக் காய வைத்த துணியின் முடிச்சை இழுத்ததும் புள்ளி புள்ளியாக விரியுமே, அதை யாரும் தள்ளிவிட்டுப் போக மாட்டார்கள். ஒன்று மட்டும், மெழுகு அச்சுச் சேலையைக் கை முடிச்சு என்று எழுதிவிடாதே. மதுரை சுங்குடிக்கு 2005இலேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது, விவரம் தெரிந்தவர்கள் கமெண்டில் வந்து கிழித்துவிடுவார்கள். விலையையும் எழுது. "இன்பாக்ஸ் பாருங்க" என்றால் எனக்கே எரிச்சல் வரும். கேப்ஷனில் போடும் இணைப்பை அழுத்த முடியாது, அதனால் வாட்ஸ்அப் இணைப்பைப் பயோவில் வை. அதில் எண்ணுக்கு முன்னால் 91 வேண்டும், ப்ளஸ் குறியோ சைபரோ கூடாது. நான் இரண்டு மாதம் சைபரோடு வைத்திருந்தேன், ஒரு ஆர்டர்கூட வராமல் மார்க்கெட்டே டல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்!

செல்போன்_சர்வீஸ்:
கூகுளில் கடையின் வணிகப் பக்கத்தையும் பதிந்துவிடுங்கள், இலவசம்தான். சுங்குடி வாங்கவே ஊருக்கு வருகிறவர்கள் மேப்பில்தான் தேடுவார்கள்.

நூல்முடிச்சு:
நாலு நாள் கழித்து எழுதுகிறேன். எண் நேற்று ராத்திரி திரும்பிவிட்டது. அம்மாவிடம் சொல்லிவிட்டேன், திட்டு விழுந்தது, அதுவும் அந்த 3,500 ரூபாய்க்குத்தான். வாங்கியவர்கள் என்று எண்ணிப் பார்த்ததில் 183 பேர். அம்மா இதுவரை 22 பேரிடம் பேசியாயிற்று, 15 பேர் ஹாய் போட்டிருக்கிறார்கள், 4 சேலைக்குப் பணமும் வந்துவிட்டது. ஒருவரிடம் மட்டும் முக்கால் மணி நேரம் பேசினார், அது மருமகள் விவகாரம். அக்கா, அந்த அட்டையை எந்த அளவில் அடித்தீர்கள்?

சேலம்_அக்கா:
விசிட்டிங் கார்டு அளவுதான். க்யூஆர் பெரிதாக இருக்கட்டும், பளபளப்பு லேமினேஷன் வேண்டாம், வெளிச்சம் பட்டால் ஸ்கேன் ஆகாது. அச்சடிக்கக் கொடுக்கும் முன் இரண்டு மூன்று போனில் ஸ்கேன் செய்து பார்த்துவிடு.