சீக்ரெட்டை மாற்றியும் பாட் பழைய பாஸ்வேர்டையே எடுக்கிறது

கயல்: குபர்னெட்டிஸில் (கன்டெய்னர்களை இயக்கி நிர்வகிக்கும் மென்பொருள்) போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் பாஸ்வேர்டை சீக்ரெட்டில் (ரகசியத் தகவல்களை வைக்கும் இடம்) மாற்றியாச்சு. ஆப் அதை என்விரான்மென்ட் வேரியபிளாக (ஆப் தொடங்கும்போது கொடுக்கப்படும் மதிப்பு) படிக்கிறது. ஆப்பின் கன்டெய்னர் ஓடும் பாட் இன்னும் பழையதையே பிடித்துக்கொண்டிருக்கிறது. ஏன்?

முகில்: வேரியபிள் கன்டெய்னர் தொடங்கும்போது ஒரே ஒரு முறைதான் ஏறும். பாடுகளைப் புதிதாகத் தொடங்கவைக்கும் ரோல்அவுட் ரீஸ்டார்ட் கொடுங்க. ரீஸ்டார்ட் வேண்டாம் என்றால் சீக்ரெட்டை வால்யூமாக மவுன்ட் பண்ணுங்க, அதாவது கன்டெய்னருக்குள் கோப்பாகத் தெரியும்படி இணையுங்க. கோப்பு தானாக மாறும், ஒன்றிரண்டு நிமிடம் ஆகலாம். சப்பாத் (subPath: வால்யூமின் ஒரு பகுதியை மட்டும் இணைக்கும் அமைப்பு) போட்டு மவுன்ட் செய்தால் மட்டும் மாறவே மாறாது. பலரும் இடறுவது இங்கேதான். ஆப்பும் ஒவ்வொரு புது இணைப்புக்கும் கோப்பைத் திரும்பப் படிக்கணும்.

கயல்: ரீஸ்டார்ட் கொடுத்தேன். இப்போ பாஸ்வேர்ட் தவறு என்கிறது!

முகில்: சீக்ரெட்டில் வைக்க பாஸ்வேர்டை பேஸ்64 எழுத்துவடிவத்துக்கு மாற்ற வெறும் எக்கோ (echo) கட்டளை போட்டீங்களா? அது கடைசியில் ஒரு நியூலைன் சேர்த்துவிடும், அதுவும் பாஸ்வேர்டின் பகுதியாகிவிடும். எக்கோவுக்கு ‘-என்’ (-n) கொடுங்க, இல்லையென்றால் பிரின்ட்எஃப் (printf) கட்டளை. சீக்ரெட்டை விவரிக்கும் யாம்ல் (YAML) கோப்பில் ஸ்ட்ரிங்டேட்டா (stringData) என்ற பகுதியில் பாஸ்வேர்டை அப்படியே எழுதினால் இந்தத் தலைவலியே இல்லை.

செழியன்: ஒரு கூடுதல் விஷயம். பேஸ்64 என்க்ரிப்ஷன் (மறைகுறியாக்கம்) இல்லை, யாரும் பிரித்துப் படிக்கலாம். அந்த யாம்லை கிட்டில் (git, கோப்புகளின் பழைய பதிப்புகளையும் சேமித்துவைக்கும் கருவி) ஏற்றாதீங்க. ஏற்றியிருந்தால் முதல் வேலை பாஸ்வேர்டை மாற்றுவது. ஹிஸ்டரியைச் சுத்தம் செய்வதெல்லாம் அப்புறம். அடுத்த முறை டேட்டாபேஸில் இரண்டு யூசர் வைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்க: புது யூசருக்கு எல்லா பாடும் மாறிய பிறகே பழையவரின் பாஸ்வேர்டைத் தொடணும். இடையில் பாஸ்வேர்ட் தவறு என்று ஒரு இணைப்பும் மறுக்கப்படாது.