சபை வேலை நிறைய, ஜெபம் வறட்சி

கேள்வி (உப்புவெளி): பாடகர் குழு, வாலிபர் கூட்டம், கமிட்டி எல்லாத்திலயும் பேர் இருக்கு. தனிய ஜெபிக்க இருந்தா ரெண்டு நிமிசத்தில சொல்ல ஒண்டுமில்ல. எங்க தொடங்குறது?

பதில் 1: பைபிள்ல மாற்கு சுவிசேஷத்தை வாசியுங்கோ, மொத்தம் 16 அதிகாரம்தான். நாளுக்குப் பத்து வசனம், சத்தமா, ரெண்டு தரம். மனசில தங்கின வசனத்தையே ஜெபமாத் திருப்பிச் சொல்லுங்கோ. போன் மற்ற அறையில. முடிக்கோணும் எண்டு ஓடினா அதுவும் கமிட்டி வேலைதான்.

பதில் 2: மாற்கு 1:35 பாருங்கோ, ஊரே தேடேக்க இயேசு இருட்டோட எழும்பித் தனிய ஜெபிக்கப் போறார். சபை வேலையில பேர் வாங்கிற ஆசை இருக்கோ எண்டு அறிய, ஒருத்தருக்கும் தெரியாம ஒரு உதவி செய்யுங்கோ. சொல்லிக்காட்ட நா துடிச்சா விளங்கும்.

பதில் 3: எழுதி வச்ச ஜெபங்களைச் சொல்லுற மரபை எறியாதேங்கோ தம்பி. சொல் வராட்டி சங்கீதம் 13 ஐச் சொல்லுங்கோ, ஆறே வசனம். 'எதுவரைக்கும்' எண்டு நாலு தரம் கேக்குது. கமிட்டியில ஒரு பொறுப்பை மட்டும் விடுங்கோ.